சமுதாயக் கழிவுநீரைச் சேகரிக்க எந்தக் குழாய் முறை? தேர்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குடியிருப்புக்குப் பாதாளச் சாக்கடை போடலாம் என்று பேச்சு எழுந்தால், எல்லோரும் முதலில் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தத் தொழில்நுட்பம், எவ்வளவு இடம் வேண்டும், வாடை வருமா என்று கேள்விகள் வரும். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் பணத்தின் பெரும்பங்கு போவது தெருவுக்கடியில் போகும் குழாய்க்கும் அதற்காகத் தோண்டும் பள்ளத்துக்கும்தான். பத்து வருடம் கழித்துத் தெருவில் பொங்கி வழிவதும் அந்தக் குழாய்தான். அதனால் குழாய் முறையைத் தேர்வு செய்வதற்குக் கொஞ்சம் பொறுமையாக நேரம் கொடுக்க வேண்டும்.

சந்தையில் எத்தனை பெயர்கள் சொன்னாலும் இரண்டு கேள்விகளை வைத்து எல்லா முறைகளையும் பிரித்துவிடலாம். குழாய்க்குள் திடக்கழிவும் சேர்ந்து போகிறதா, தெளிந்த நீர் மட்டுமா? அதை நகர்த்துவது எது: நிலத்தின் வாட்டமா (சரிவா), பம்பின் அழுத்தமா, வெற்றிடத்தின் உறிஞ்சலா? கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: குழாய் தேவையா என்று முதலில் கேளுங்கள்

வீடுகள் தள்ளித் தள்ளி இருந்து, மண் நீரை நன்றாக உறிஞ்சி, நிலத்தடி நீர்மட்டம் ஆழமாகவும் இருந்தால் வீட்டுக்கு வீடு கழிவறைக் குழியோ செப்டிக் டேங்கோ போதும். நல்ல கசடு அகற்றும் ஏற்பாடு இருந்தால் அது குறைந்த வசதி ஒன்றும் இல்லை. வீடுகள் நெருங்க நெருங்க, ஒரு வீட்டுக்கு ஆகும் குழாய் நீளம் குறைகிறது. உறிஞ்சுகுழிக்கான இடமும் இல்லாமல் போகிறது. எங்கோ ஓரிடத்தில் தராசு மறுபக்கம் சாயும். பிரேசிலின் நட்டால் நகரில் 1980-களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஹெக்டேருக்கு 160 பேரைத் தாண்டினாலே எளிமையாக்கப்பட்ட குழாய் முறை (படி 4-இல் விளக்குகிறேன்) தனித்தனிக் குழிகளைவிட மலிவாக வந்தது. உங்கள் இடத்தில் அந்த எண் வேறாக இருக்கும். கணக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர்ப் புழக்கத்தையும் இங்கேயே பாருங்கள். மலத்தைக் குழாயில் தள்ளிச் செல்வது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50, 60 லிட்டர்கூடக் கிடைக்காத இடத்தில் வழக்கமான பெரிய குழாய் அடைத்துக்கொள்ளும்.

படி 2: லெவல் எடுங்கள், குழி தோண்டிப் பாருங்கள்

எல்லாத் தெருக்களின் தரைமட்டமும், வீட்டு வெளியேற்றுக் குழாய்களின் மட்டமும், சுத்திகரிப்பு நிலைய இடத்தின் மட்டமும் ஒரே வரைபடத்தில் வேண்டும். கண்ணால் பார்த்து ‘இந்தப் பக்கம் பள்ளம்’ என்று சொல்வதை நம்பாதீர்கள். மழைநீர் ஓடும் திசைகூடச் சில நேரம் ஏமாற்றும்.

அப்புறம் ஐந்தாறு இடத்திலாவது சோதனைக் குழி தோண்டுங்கள். எத்தனை மீட்டரில் பாறை, எத்தனை மீட்டரில் நீர் ஊறுகிறது என்று குறியுங்கள். நீர்மட்டத்தை மழைக்காலத்தில் அளந்தால்தான் பயன். கோடையில் அளந்த மட்டத்தை வைத்துத் திட்டம் போட்டால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இணைப்புகள் வழியாகக் குழாய்க்குள் ஊறி வந்து, பம்பும் சுத்திகரிப்பு நிலையமும் சும்மா வருகிற நீரைச் சுமந்துகொண்டிருக்கும்.

படி 3: எவ்வளவு கழிவுநீர் வரும்?

ஒரு எடுத்துக்காட்டோடு போகலாம். 400 வீடுகள், வீட்டுக்கு 5 பேர், மொத்தம் 2,000 பேர். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் தண்ணீர் என்றால், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கொள்வது வழக்கம். ஆக நாளொன்றுக்கு 1,60,000 லிட்டர். 86,400 நொடிகளால் வகுத்தால் நொடிக்குச் சராசரியாக 1.85 லிட்டர். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் புழங்குவதால் சிறிய ஊருக்கு இதை மூன்றால் பெருக்குவார்கள்: நொடிக்கு ஏறக்குறைய 5.6 லிட்டர்.

இது ஊரின் கடைசிக் குழாயில் வரும் ஓட்டம். தெருக்கோடியில் 10 வீடுகள் மட்டும் சேரும் குழாயில் இதே கணக்கு நொடிக்கு 0.14 லிட்டர்தான் தரும். அதாவது அங்கே ஓட்டம் என்று தொடர்ச்சியாக எதுவும் இல்லை. ஒரு வீட்டில் கழிவறையில் நீர் ஊற்றும்போது எழும் சிறு அலை, கசடைக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு நிற்கும். அடுத்த அலை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளும். இதை மனத்தில் ஏற்றிக்கொண்டால் ஒரு விஷயம் புரியும்: கோடித் தெருவுக்குப் பெரிய குழாய் போடுவது பாதுகாப்பு இல்லை. அகலமான குழாயில் அந்தச் சிறு அலை பரந்து, ஆழம் குறைந்து, வலுவிழந்துவிடும். குறுகிய குழாயில்தான் அது கசடைத் தூக்கிச் செல்லும்.

மழைநீரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி வடிகால் வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் விட்ட பழைய நகரங்கள் இன்றும் பெருமழை நாளில் கழிவுநீரை ஆற்றில் திறந்துவிட வேண்டியிருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் காரணமே இல்லை.

படி 4: ஐந்து முறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

முதலாவது, வழக்கமான ஈர்ப்புக் குழாய். திடமும் நீரும் சேர்ந்து போகும், நகர்த்துவது வாட்டம். பொதுவாக 150 அல்லது 200 மி.மீ. விட்டத்தில் தொடங்கும். வண்டிகளின் பாரம் தாங்கக் குழாய்க்கு மேலே ஒரு மீட்டர் அளவுக்கு மண்மூட்டம் வேண்டும். திருப்பம், இணைப்பு, வாட்டம் மாறும் இடம் என ஒவ்வொன்றிலும் மேன்ஹோல் (ஆள் இறங்கும் குழி) கட்டுவார்கள். நாளில் ஒரு முறையாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வந்தால் கசடு தங்காது என்பது பழைய விதி. 150 மி.மீ. குழாய்க்கு அந்த வேகம் வர 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் தேவை. அப்படிப் போட்ட குழாய் பாதி நிறைந்து ஓடினாலே நம் 2,000 பேரின் உச்ச ஓட்டத்தைச் சுமந்துவிடும். சரிவான நிலத்தில் இதற்கு ஈடு இல்லை. மின்சாரம் வேண்டாம், வீட்டில் எந்தக் கருவியும் வேண்டாம்.

சமதளத்தில் கதை வேறு. குழாய் 1,200 மீட்டர் போக வேண்டும், தரை தட்டையாக இருக்கிறது என்று வையுங்கள். 200-க்கு ஒன்று என்ற வாட்டத்தில் 6 மீட்டர் இறங்க வேண்டும். தொடங்கும்போதே ஒரு மீட்டர் ஆழம் என்பதால் கடைசியில் 7 மீட்டர். அந்த ஆழத்தில் பள்ளத்தின் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்து. இல்லையென்றால் நடுவில் கழிவுநீரேற்று நிலையம் கட்டி மேலே தூக்க வேண்டும். அதோடு மின்சாரமும் ஆளும் செலவும் நிரந்தரமாக வந்துசேரும்.

இரண்டாவது, எளிமையாக்கப்பட்ட ஈர்ப்புக் குழாய். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெருக்கமான குடியிருப்புகளில் நான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதைத்தான். வழக்கமான முறையின் அதே இயற்பியல்தான். பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட விதிகளை மட்டும் உதிர்த்துவிட்டார்கள். நட்டாலில் 1980-களின் தொடக்கத்தில் ரோக்காஸ், சாந்தோஸ் ரெய்ஸ் என்ற ஏழைக் குடியிருப்புகளில் இது நடைமுறைக்கு வந்தது. குழாய் நடுத்தெருவில் போகாமல் வீட்டுக் கொல்லைகள் வழியாகவோ முன்முற்றம் வழியாகவோ நடைபாதைக்கடியிலோ போகும். அங்கே வண்டிப் பாரம் இல்லாததால் 20 முதல் 40 செ.மீ. மண்மூட்டமே போதும். விட்டம் 100 மி.மீ. மேன்ஹோலுக்குப் பதில் கைவிட்டுச் சுத்தம் செய்யும் சிறு சேம்பர்கள். வேகத்துக்குப் பதிலாக, ஓடும் நீர் குழாயின் அடியை உரசி இழுக்கும் விசையைக் கணக்கிடுவார்கள். அது 1 பாஸ்கல் (சதுர மீட்டருக்கு 1 நியூட்டன் விசை) இருந்தால் கசடு நகரும். குறைந்தபட்ச ஓட்டமாக நொடிக்கு 1.5 லிட்டர் எடுத்துக்கொள்வார்கள். கழிவறை நீர் எழுப்பும் அலையை மனத்தில் வைத்த எண் அது. தேவையான வாட்டம் ஏறக்குறைய 200-க்கு ஒன்று. கட்டுமானச் செலவு வழக்கமான முறையைவிட 20 முதல் 50 விழுக்காடு குறையும் என்பது பொதுவான கணக்கு. பிரேசிலியா நகரம் 1990-களில் இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. பணக்காரப் பகுதிகளும் அதில் அடக்கம். ஏழைகளுக்கான மட்ட வேலை என்று யாராவது சொன்னால் அந்த ஊரைக் காட்டலாம்.

இதன் பலவீனம் குழாயில் இல்லை, உறவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கழிவு உங்கள் கொல்லை வழியாகப் போகும். நாளைக்கு அவர் குழாய்மேல் சுவர் எழுப்பிவிட்டால்? சேம்பரைத் திறக்கவிட மாட்டேன் என்றால்? அதனால் வரிசையில் உள்ள எல்லா வீடுகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. பாகிஸ்தானின் கராச்சியில், ஒரங்கி என்ற குடியிருப்பில் 1980-களில் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் தொடங்கிய பணியில், இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தானே பணம் போட்டு, தானே பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்துக் குழாய் பதித்தது. அந்தச் சந்துகளில் குழாய் ‘யாருடையதோ’ என்று ஆகவில்லை.

மூன்றாவது, கசடு நீக்கிய நீருக்கான குழாய். ஒவ்வொரு வீட்டிலும், அல்லது சில வீடுகளுக்குச் சேர்த்து, ஒரு செப்டிக் டேங்க். கசடு அங்கேயே தங்கும். தெளிந்த நீர் மட்டும் குழாய்க்குப் போகும். 1960 வாக்கில் சாம்பியாவிலும், அதே பத்தாண்டில் தெற்கு ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களிலும் இது வேரூன்றியது. தள்ளுவதற்குக் கசடே இல்லாததால் குறைந்தபட்ச வாட்டம் என்ற கட்டாயமும் இல்லை. குழாய் நிலத்தின் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கலாம், நிறைந்தும் ஓடலாம். வீட்டு டேங்கின் வெளியேற்று மட்டத்துக்குமேல் நீர் எதிர்த்து ஏறாமல் இருந்தால் போதும். 75 மி.மீ. குழாயில்கூடத் தொடங்கலாம்.

நம் எடுத்துக்காட்டையே பாருங்கள். நொடிக்கு 5.6 லிட்டர் நீர் 150 மி.மீ. குழாயில் நிறைந்து ஓட, 1,200 மீட்டருக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் உயர வேறுபாடு போதும். 6 மீட்டர் எங்கே, 1.6 மீட்டர் எங்கே! ஏற்கெனவே வீடுகளில் நல்ல டேங்க் இருக்கும் தட்டையான ஊருக்கு இது பெரிய வரம். ‘நல்ல’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அடியில் விரிசல் விட்ட, சுவர் கசியும் டேங்கை அப்படியே இணைக்கக் கூடாது. சில வருடங்களுக்கு ஒரு முறை கசடு எடுக்காவிட்டால் அது குழாய்க்குள் வழியும். வாட்டமில்லாத குழாயில் வந்த கசடு திரும்பப் போகாது. யாரோ ஒருவர் டேங்கைத் தாண்டி நேராக இணைத்துவிட்டாலும் இதே கதிதான். இன்னொன்று: டேங்கிலிருந்து வரும் நீரில் காற்று இல்லாததால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அது சிமெண்டைத் தின்னும். எனவே குழாயும் சேம்பரும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

நான்காவது, அழுத்தக் குழாய். ஒவ்வொரு வீட்டிலும் சிறு தொட்டியும் பம்பும். பம்பிலேயே கசடை அரைத்து அனுப்பலாம், அல்லது செப்டிக் டேங்கின் தெளிந்த நீரை மட்டும் அனுப்பலாம். தெருவில் 50 மி.மீ. அளவிலிருந்து தொடங்கும் இணைப்புகளை உருக்கி ஒட்டிய பாலிஎத்திலீன் குழாய், தரையோடு தரையாக, ஏற்றத்திலும் இறக்கத்திலும் போகும். பாறை நிலத்துக்கும், ஏரிக்கரையில் சிதறிய வீடுகளுக்கும், குழாயைவிடத் தாழ்ந்து நிற்கும் வீடுகளுக்கும் ஏற்றது. வெளிநீர் உள்ளே ஊறாது. ஆனால் 400 வீடு என்றால் 400 பம்ப். மின்சாரம் நின்றால் தொட்டி கொள்ளும் அளவுக்குத்தான் புழங்கலாம். ஒரு துணித்துண்டு பம்பை நிறுத்திவிடும். பம்ப் வீட்டுக்காரர் பொறுப்பா, பொது அமைப்பின் பொறுப்பா என்பது தீர்மானமாகாமல் இந்தப் பக்கம் போகவே வேண்டாம். என் கருத்தில், பம்பைப் பொது அமைப்பே வைத்துக்கொண்டு, மாற்றுப் பம்புகளையும் கையிருப்பில் வைத்திருந்தால்தான் இது நீடிக்கும்.

ஐந்தாவது, வெற்றிடக் குழாய். 19-ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் லியர்னூர் என்பவர் நெதர்லாந்தில் முயன்ற யோசனை இது; இன்றைய வடிவம் 1950-களின் இறுதியில் சுவீடனில் யோவெல் லில்யெந்தால் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது. மையத்தில் ஒரு வெற்றிட நிலையம் குழாய் முழுவதையும் வளிமண்டல அழுத்தத்தைவிட 0.5 முதல் 0.7 பார் (1 பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) குறைவாக வைத்திருக்கும். வீடுகளிலிருந்து நீர் ஒரு சிறு குழிக்கு ஈர்ப்பால் வந்து சேரும். சுமார் 40 லிட்டர் சேர்ந்ததும் அங்குள்ள வால்வு தானே திறந்து, நீரையும் பின்னாலேயே காற்றையும் உள்ளே விட்டு, சில நொடிகளில் மூடிக்கொள்ளும். வால்வுக்கு மின்சாரம் வேண்டாம்; ஒரு குழி நான்கு வீடுகள் வரை தாங்கும். குழாய் ரம்பப் பல் போல இறங்கி, சட்டென்று சிறிது ஏறி, மறுபடி இறங்கும். மொத்தமாக நான்கைந்து மீட்டருக்குமேல் இதால் தூக்க முடியாது. அதனால் மேட்டுநிலத்துக்கு உதவாது. மணற்பாங்கான, நீர்மட்டம் மேலே நிற்கும் தட்டை நிலத்துக்கு அருமையானது. குழாய் உடைந்தாலும் கழிவு வெளியே கசியாமல் காற்றுதான் உள்ளே போகும். ஆனால் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அந்த வரிசை முழுவதும் வெற்றிடம் இழக்கும். எந்த வால்வு என்று இரவிலும் தேடிப் போகப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். நிலையத்துக்கு மாற்று மின்சாரமும் கட்டாயம்.

படி 5: ஒவ்வொன்றாகக் கழியுங்கள்

ஐந்தையும் மதிப்பெண் போட்டுத் தரவரிசைப்படுத்துவதைவிட, முடியாததைக் கழித்துக்கொண்டே வருவது தெளிவானது.

நிலம் ஓடும் திசையில் 200-க்கு ஒன்றுக்குமேல் சரிந்திருக்கிறதா? அப்படியானால் ஈர்ப்பு முறைகளைத் தவிர மற்றதைப் பார்க்கவே வேண்டாம். வீடுகள் நெருக்கமாக இருந்தால் எளிமையாக்கியது. அகலத் தெருவும் ஒழுங்கான மனைகளுமாக இருந்து, கொல்லைகள் வழியாகக் குழாய் போட வழியுரிமை கிடைக்காவிட்டால் வழக்கமானது.

நிலம் தட்டையா? உடனே பம்புக்கும் வெற்றிடத்துக்கும் தாவாதீர்கள். முதலில் ஊரைத் துண்டாக்கிப் பாருங்கள். 1,200 மீட்டர் ஓட வேண்டிய குழாயை மூன்று தொகுதியாக்கினால் ஒவ்வொன்றும் 400 மீட்டர். எளிமையாக்கிய முறையில் 0.4 மீட்டரில் தொடங்கி, 2 மீட்டர் இறங்கி, 2.4 மீட்டர் ஆழத்தில் முடியும். மூன்று சிறிய சுத்திகரிப்பு அமைப்புகளோ, மூன்று சிறிய பம்புகளோ போதும். 7 மீட்டர் பள்ளத்தை இப்படிப் பல இடங்களில் தவிர்க்கலாம். அதுவும் முடியாமல், வீடுகளில் டேங்கும் இருந்தால் மூன்றாவது முறை. நீர்மட்டம் ஒரு மீட்டரிலேயே நிற்கிறது, வீடுகளும் நெருக்கம் என்றால் வெற்றிடம். பாறையும் மேடு பள்ளமும் சிதறிய வீடுகளும் என்றால் அழுத்தம்.

ஒரே ஊரில் ஒரே முறைதான் என்று சட்டமில்லை. ஊர் முழுக்க ஈர்ப்பில் ஓட, தாழ்ந்த ஓரத்தில் உள்ள பதினைந்து வீடுகள் மட்டும் பம்பில் சேரலாம்.

கழித்த பிறகு இரண்டு மூன்று மிஞ்சினால், பராமரிப்பைக் கொண்டு முடிவெடுங்கள். பழுதுபார்க்கும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், மாற்றுப் பாகம் வர எத்தனை நாள், மின்சாரம் எத்தனை மணி நேரம் நிற்கும், கசடு அள்ளும் வண்டி எல்லா டேங்குக்கும் போக வழி இருக்கிறதா? கட்டும்போது மலிவாக இருந்து பத்தாவது வருடத்தில் நின்றுபோகும் முறையைவிட, சிறிது கூடுதல் செலவில் உள்ளூர்க் கைகளாலேயே ஓடும் முறை மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

படி 6: செலவை முப்பது வருடத்துக்குப் பாருங்கள்

ஒப்பந்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் பம்பு முறைகள் எப்போதும் கவர்ச்சியாகத் தெரியும், ஏனென்றால் பள்ளம் ஆழமில்லை. மின்சாரம், ஆள் சம்பளம், பம்ப் மாற்றும் செலவு, கசடு அகற்றல் என எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக எழுதி, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டுங்கள். குழாய் ஐம்பது வருடம் இருக்கலாம். பம்ப் அதற்குள் பல முறை மாறும்.

பல திட்ட அறிக்கைகளில் விட்டுப்போவது வீட்டு இணைப்புச் செலவு. தெருக்குழாய் பதித்தாகிவிட்டது, கழிவறையிலிருந்து தெருவரை குழாய் போட வீட்டில் பணமில்லை என்றால் குழாய் வெறுமையாகக் கிடக்கும். நீர் குறைவதால் வருகிற கொஞ்சக் கழிவும் அடைத்துக்கொள்ளும். இணைப்பைத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

படி 7: பதிக்கும்போது கண் வைக்க வேண்டியவை

200-க்கு ஒன்று என்பது ஒரு மீட்டருக்கு 5 மி.மீ. அதனால் ஒவ்வொரு குழாய்த் துண்டுக்கும் மட்டம் பார்க்க வேண்டும். கயிறு கட்டிக் கண்ணளவில் பதித்தால் நடுவில் தொய்வு விழுந்து கசடு தேங்கும். குழாய்க்கடியில் கல்லில்லாத மணல் படுகை, இணைப்புகளில் ரப்பர் வளையம். மண் மூடுவதற்குமுன் ஒவ்வொரு பகுதியையும் அடைத்து நீர் நிரப்பிச் சோதியுங்கள். மழைநீர்க் குழாய் எதையும் யாரும் இணைத்துவிடவில்லை என்று வீடுவீடாகப் பாருங்கள்.

திறந்து பார்க்கும் இடங்களில் சிக்கனம் வேண்டாம். 1880-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஜார்ஜ் வாரிங் என்ற பொறியாளர் மழைநீரைப் பிரித்து மெல்லிய குழாய்கள் பதித்தது நல்ல யோசனை. ஆனால் மேன்ஹோல் வைக்காமல் விட்டதால், அடைத்தபோதெல்லாம் தெருவைத் தோண்டினார்கள். நீங்கள் பெரிய மேன்ஹோல் கட்ட வேண்டியதில்லை. கம்பியும் நீர்ப்பீச்சுக் குழலும் நுழையும் சிறு சேம்பர் திருப்பந்தோறும் இருந்தால் போதும். மனிதர் உள்ளே இறங்க முடியாத அளவுக்கு அது சிறியதாக இருப்பதே நல்லது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவில் மூக்கு அந்த வாடையையே உணராமல் போய்விடும். வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வருவதில்லை. எந்த முறையைத் தேர்ந்தாலும், தரையில் நின்றபடியே முழுக்கப் பராமரிக்க முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். முடியாது என்றால் வரைபடத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

படி 8: முதல் வருடம்

இணைப்புகள் மெதுவாகச் சேரும் காலத்தில் ஓட்டம் குறைவு. அப்போது கோடித் தெருக்களில் வாரம் ஒரு முறை நீர் விட்டு அலசுங்கள். சமையலறை நீர் சேரும் இடத்தில் எண்ணெய் தடுக்கும் சிறு தொட்டி வையுங்கள். அடைப்பு எங்கே, எந்தத் தேதியில், என்ன சிக்கியிருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே சேம்பர் மூன்று முறை வந்தால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது அல்லது யாரோ துணி போடுகிறார்கள். முதலாவதைத் தோண்டிச் சரிசெய்யுங்கள், இரண்டாவதற்கு அந்த வரிசை வீடுகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.